அம்மா கிள்ளிப் போட்ட குச்சி

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஏச்சுப் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டு எழுந்ததிலிருந்து, பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், கொழுந்து நிறுக்கிற இடத்தில் என்று எங்கேயாவது யாராவது யாரையாவது ஏசிக்கொண்டுதான் இருப்பார்கள். அதற்கெல்லாம் நான் பயந்ததில்லை. ஏச்சு மழை மாதிரி, பெய்து ஓய்ந்துவிடும். நான் பயந்தது வேறொரு பேச்சுக்கு. நம்பின ஒன்று பொய்த்துப் போனால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார்களே, அதற்கு.

அந்தப் பேச்சை நிறையக் கேட்டு வளர்ந்தவள் நான். இலங்கையில் எங்கள் ஜனங்களுக்கு ஓட்டுரிமை இல்லாமல் போன பிறகு வந்த வருஷங்கள் அவை. டயகமப் பக்கம், மேகம் ஒற்றையறைக் காம்பராவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிற உயரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். சாயங்காலம் ஆண்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு இஸ்தோப்பில், அதாவது காம்பராவின் முன்தாழ்வாரத்தில், குந்தியிருப்பார்கள். நம்மளையும் மனுஷன்னு நினைச்சோமே என்பார் ஒருவர். வாயில மண்ணைப் போட்டுட்டாங்க என்பார் இன்னொருவர். கைவிட்டுட்டாங்க என்று யாராவது சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஓட்டு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனை பெரிய ஆட்கள் ஒரே நேரத்தில் வாயடைத்துப் போவதைப் பார்த்தால், எங்களை யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து பாதி வழியில் விட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். எழுந்து போய் அடுப்பங்கரையில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன்.

அம்மாவிடம் அந்த மாதிரிச் சொற்கள் கிடையாது. கூரைத் தகரம் ஒழுகினாலும், துவரம்பருப்பு கிடைக்காமல் கூப்பன் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்பினாலும், 'சரி' என்பாள். அவ்வளவுதான். அந்தச் 'சரி'க்குள் என்ன இருக்கிறதென்று யாரும் தோண்டிப் பார்த்ததில்லை. அப்பாவுக்கு அது மிகவும் வசதியாக இருந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். சில வருஷங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியின் தலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும், அதுதான் கவ்வாத்து. ஆண்கள் வேலை. கத்தி வளைந்து, விரலை வைத்தால் விரல் போகிற கூர்மையில் இருக்கும். சரிவில் நின்று, ஒரு கையால் கிளையை வளைத்து, மறு கையால் ஒரே வீச்சாக வீச வேண்டும். மழை ஈரத்தில் கால் வழுக்கினால் செடிக்குப் போக வேண்டிய வெட்டு கெண்டைக்காலுக்குப் போகும். அதனால்தான் எங்கள் மலையில் கவ்வாத்துக்கென்றே ஒரு சாமி உண்டு. மலை உச்சியில் ஒரு மரத்தடியில் நட்டு வைத்த கல். வெட்டுத் தொடங்குகிற அன்று எல்லோரும் தங்கள் கத்தியை அதன் முன்னால் வரிசையாக வைப்பார்கள். சேவல் அறுத்து, எலுமிச்சம்பழம் வெட்டி, ஒவ்வொரு கத்திக்கும் திருநீறும் குங்குமமும் வைத்த பிறகுதான் அதைத் தொடுவார்கள். அப்பா எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற ஆள். துரையை நம்பமாட்டார், கங்காணியை நம்பமாட்டார், சங்கத்துத் தலைவர் கார்க் கதவை அடைக்கிற சத்தத்தைக்கூட நம்பமாட்டார். அந்தக் கல்லை மட்டும் நம்பினார். இளவட்டத்தில் ஒருமுறை வழுக்கி விழுந்தபோது கத்தி தன் கழுத்துக்குப் பக்கத்தில் மண்ணில் செருகி நின்றதென்று சொல்லுவார். சொல்லும்போதே கையெடுத்துக் கும்பிடுவார்.

எனக்குப் பிறகு வெகுகாலம் கழித்து ஒரு தம்பி பிறந்தான். அதற்கு நடுவில் அம்மாவுக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. இவன் தங்கினால் சாமிக்குச் சேவல் கொடுத்து, அங்கேயே முடியிறக்குவதாக அப்பா நேர்ந்துகொண்டார். தம்பி நன்றாகத்தான் இருந்தான். அம்மா வேலைக்குப் போகும்போது பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவாள்; நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எட்டிப் பார்ப்பேன். என் குரலைக் கேட்டால் தொட்டிலுக்குள் காலை உதைப்பான்.

மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்துக் காம்பராவில் இருந்த மருந்தையா தொட்டுப் பார்த்துவிட்டு, இங்கே வைத்துக்கொள்ளாதே, கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, லொறி இறங்குகிறது என்றார். அம்மா பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு புறப்பட்டும் விட்டாள். அப்பாதான் தடுத்தார். மழையில் லொறியில் போனால் காய்ச்சல் கூடிவிடும், வெள்ளிக்கிழமை சாமிக்கு முன்னால் போட்டுத் திருநீறு பூசிக் கொண்டுவந்துவிடலாம், அதுவரைக்கும் அவர் பார்த்துக்கொள்வார் என்றார். 'அவர்' என்று அப்பா சொன்னது கல்லை. அம்மா வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். லொறியின் சத்தம் வளைவுக்கு வளைவு இறங்கிப் போவது கேட்டது. பிறகு 'சரி' என்று உள்ளே வந்தாள்.

வெள்ளிக்கிழமை வருவதற்குள் தம்பி போய்விட்டான்.

அடக்கம் பண்ணிவிட்டு வந்த பிறகு அம்மா அழவில்லை. அப்பா அழுதார், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதார். அம்மா அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டாள், வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், கிழிந்த சட்டையைத் தைத்தாள். ஏன் தடுத்தீர்கள் என்று ஒருநாள் கேட்கப்போகிறாள் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். அப்பாவும் காத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

கவ்வாத்துத் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னால் அம்மா என்னை விறகுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெட்டிப் போட்டுக் காய்ந்த தேயிலைக் கிளைகளை மிலாறு என்போம். எங்கள் அடுப்பு முழுக்க எரிவது அதுதான். ஆனால் பழைய வெட்டு மலைக்குப் போகாமல் அம்மா நேராக உச்சிக்கு ஏறினாள். கல்லுக்குப் பக்கத்தில் பெரியப்பா இருந்தார். பக்கத்துக் காம்பராக்காரர், அப்பாவுக்கு அண்ணன் முறை, கவ்வாத்துக்காரர்களில் மூத்தவர், பூசை வைப்பவரும் அவர்தான். பூசைக்காகப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. கல்லுக்கு எதிரே போய், கூலி கேட்க வந்தவள் போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒன்ன நம்பித்தான இருந்தோம். ஒம் பேரச் சொல்லித்தான நாளக் கடத்துனோம். நீ பாத்துக்கிட்டுச் சும்மா நின்ன. நல்லா இருக்குய்யா ஒன் ஞாயம். இனிமே ஒனக்கும் எங்களுக்கும் ஒன்னுமில்ல."

குரலை உயர்த்தவே இல்லை. இஸ்தோப்பில் ஆண்கள் பேசுவார்களே, அந்தத் தாழ்ந்த குரல். சொல்லிவிட்டுக் காலடியில் கிடந்த ஒரு மிலாற்றுக் குச்சியை எடுத்தாள். இரண்டாகக் கிள்ளிக் கல்லின் மேல் போட்டாள்.

எங்கள் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் இனிச் சேர்ந்து வாழ முடியாதென்று ஆனால், பெரியவர்களைக் கூட்டிவைத்து அவர்கள் முன்னால் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுவார்கள். அத்தோடு தீர்ந்தது. கீழ் லயத்தில் ஒரு வீட்டில் நான் பார்த்திருக்கிறேன். அதுவரை ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்து இழுத்தவர்கள், அந்தத் துரும்பு விழுந்ததும் அந்நியர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நடந்து போனார்கள். அதைப் போய் அம்மா சாமியிடம் செய்துவிட்டாள். பெரியப்பாவின் கையிலிருந்த மண்வெட்டி அப்படியே நின்றது. திரும்பி இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.

அன்று சாயங்காலமே பெரியப்பா எங்கள் இஸ்தோப்புக்கு வந்துவிட்டார். அப்பாவிடம் நடந்ததைச் சொன்னார். அப்பாவின் முகம் வெளுத்ததை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். பெரியப்பா நல்ல மனுஷர், சண்டைக்கு வரவில்லை. கத்தி பிடிக்கிறவன் வீட்டுப் பெண் இப்படிச் செய்யக்கூடாது, சாமிக்குக் கோபம் வந்தால் எந்தக் கால் என்று பார்த்து வெட்டாது என்றுதான் சொன்னார். அப்புறம் உள்ளே பார்த்து அம்மாவிடமே பேசினார்.

"தாயி, ஒரு எலுமிச்சம்பழத்தக் கொண்டுபோயி வச்சு, தெரியாமச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. போதும். ஒம் புருசன் காலு முக்கியமில்லையா?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, தெரிந்துதான் சொன்னேன், மாமா, என்றாள். பேச அப்பாவுக்கு வாய் ஏது.

தொடக்க நாளில் மற்றவர்கள் தங்கள் கத்திகளோடு அப்பாவின் கத்தியை வைக்கவிடவில்லை. அடிபிடி இல்லை, அவர் குனிந்தபோது இரண்டு பேர் நெருக்கி நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான். அப்பா கத்தியைத் தள்ளி ஈர மண்ணில் வைத்தார். திருநீறு அங்கே வரை வரவில்லை. செடி வரிசையை நிரை நிரையாகப் பிரிக்கும்போதும் கடைசி நிரைதான் அவருக்கு, பள்ளத்தை ஒட்டினது. அவர் பக்கத்தில் நின்று வெட்ட ஆளில்லை.

அந்தக் கவ்வாத்துக் காலம் முழுவதும் நான் பயந்தபடியே இருந்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பார். எனக்குக் காதெல்லாம் மலைப்பக்கம் இருக்கும். மலையில் யாராவது உரக்கக் கூப்பிட்டால் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். சாயங்காலம் அவர் பீலியில் கால் கழுவும்போது சோப்புத் துண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் குந்திக்கொள்வேன். சேறு கரையக் கரையக் காலைப் பார்ப்பேன். அட்டை கடித்த ரத்தத்தைக் கண்டாலும் துடைத்துப் பார்ப்பேன். என்னடி பார்க்கிறாய் என்று அவர் கேட்டதில்லை. அவருக்குத் தெரியும். அவரும் காலில் சாக்கை மற்றவர்களைவிட இரட்டையாகச் சுற்றிக்கொண்டு போனார்.

பயம் அவருக்கும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குப் புல் அறுக்கப் போனவள், மரத்தடியில் அவர் தனியாக நிற்பதைப் பார்த்தேன். கல்லுக்குப் பக்கத்தில் போகாமல், தள்ளி, செருப்பில்லாத கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். பொம்பளைக்குக் கோபம், அவளை ஒன்றும் செய்துவிடாதே, செய்வதானால் என்னைச் செய் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்தக் கிள்ளிப் போட்ட குச்சியின் இரண்டு துண்டும் கல்லின் மேலேயே மழையில் நனைந்து கிடந்தது. அதைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நான் அறுத்த புல்லைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். செய்வதானால் என்னைச் செய் என்று அவர் சொன்னதைச் சாமி கேட்டிருக்குமே என்று அன்று முழுக்க அவர் பின்னாலேயே சுற்றினேன்.

கடைசியில் வெட்டு விழுந்தது. விழுந்தது பெரியப்பாவுக்கு.

தூறல் விழுந்துகொண்டிருந்த காலை அது. கூக்குரல் கேட்டதும் நான் வாத்தியாரைக் கேட்காமலே ஓடினேன். பாதையில் அப்பா வந்துகொண்டிருந்தார், முதுகில் பெரியப்பா. பெரியப்பாவின் காலில் சுற்றியிருந்த சாக்கு கறுப்பாக ஊறிச் சொட்டியது. கடைசி நிரையிலிருந்து முதலில் ஓடிப்போய்த் தூக்கினவர் அப்பாதானாம். பின்னால் வந்தவர்கள் பெரியப்பாவைப் பார்க்கவில்லை, அப்பாவின் கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன். சேறு தவிர ஒன்றுமில்லை. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பெரியப்பா பிழைத்துக்கொண்டார். கொஞ்சம் சாய்ந்து நடப்பார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் சொன்னதைக் கேட்டு லயமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. அந்த வீட்டுக்கு வர இருந்த வெட்டை நான் வாங்கிக்கொண்டேன், இனி அவர்களுக்கு ஒன்றும் வராது என்றார். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். நம்புகிறவர்களுக்கு எது நடந்தாலும் அது கணக்கில் சேர்ந்துவிடுகிறது. எனக்கும் அதைக் கேட்டுப் பெரிய நிம்மதி. தீர்ந்தது, இனிப் பள்ளிக்கூடத்தில் நிம்மதியாக உட்காரலாம் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. அதன் பிறகு அவர் பேச்சுக் குறைந்துகொண்டே போனது. முன்பெல்லாம் மலை உச்சியைக் கடக்கும்போது தலைத்துண்டை இறக்குவார், அதை நிறுத்திவிட்டார். காலில் சாக்கை ஒற்றையாகத்தான் சுற்றினார், சில நாள் அதுவும் இல்லை. எனக்குப் பழைய பயம் திரும்பி வந்தது, முன்பைவிட மோசமாக. வெட்டட்டும் என்று காலைக் காட்டிக்கொண்டு நிற்கிறவரைப் போல இருந்தார் அவர்.

கவ்வாத்து முடிந்த அன்று வேளையோடு வந்து, கத்தியைத் துடைத்து கூரை இறப்பில் செருகிவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நடுநடுவே மிலாறை முறித்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் மூலையில் சிலேட்டோடு இருந்தேன். அப்பா தேயிலைச் சாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். ஒரு பூசையைத் தப்பவிடாத அண்ணன் காலில் வெட்டு விழுந்தது, மண்ணில் கிடந்த கத்தியைப் பிடித்த எனக்கு ஒரு கீறல் இல்லை என்றார். அண்ணன் வாங்கிக்கொண்டதாகச் சொல்கிறாரே, அவரிடம் கொடுத்தது யார் என்று கேட்டார். அம்மா ரொட்டியைத் திருப்பினாள்.

"அங்க யாரும் இல்ல, புள்ள," என்றார் அப்பா. "எப்பவுமே இருந்ததில்ல போலருக்கு. வெறுங்கல்லு."

ஓட்டுப் போனபோதுகூட அவர் இப்படிச் சொன்னதில்லை. வாயில் மண் போட்டார்கள், கைவிட்டார்கள் என்றால் போட்டதற்கும் விட்டதற்கும் யாரோ இருக்கிறார்கள் என்றாவது ஆகும். இது வேறு. இத்தனை நாள் என் முதுகுக்குப் பின்னால் எழுந்து நின்ற ஒன்று சட்டென்று இல்லாமல் போனது. அது நின்றதைவிட இல்லாமல் போனதுதான் எனக்குக் குலைநடுக்கமாக இருந்தது.

அம்மா அப்பாவை நேராகப் பார்த்தாள். தம்பி போன பிறகு அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினது அப்போதுதான்.

"அப்பிடிச் சொல்லாதீங்க," என்றாள். "அங்க யாரும் இல்லன்னா, அப்பறம் நான் ஒங்களத்தாங்க கேக்கணும்."

அவள் கையில் ஒரு மிலாற்றுக் குச்சி இருந்தது, அடுப்புக்கு முறிக்க எடுத்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அதைத்தான் பார்த்தார். கீழ் லயத்தில் விழுந்த அந்தத் துரும்பு என் கண் முன்னால் வந்தது. சாமி அங்கே இருக்க வேண்டும், எப்படியாவது இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதையும் அந்தச் சாமியிடமே வேண்டிக்கொண்டேனோ என்னவோ.

அப்பா சாயக் கோப்பையைக் கீழே வைத்தார். "இருக்காருதான்," என்றார். "என்னமோ வாய் தவறிச் சொல்லிட்டேன்."

அம்மா அந்தக் குச்சியை முறிக்காமல் முழுசாக அடுப்புக்குள் தள்ளினாள். நீளமாக இருந்ததால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு எரிந்தது.

வெள்ளிக்கிழமை அவள் ஓர் எலுமிச்சம்பழத்தை முந்தியில் முடிந்துகொண்டு உச்சிக்குப் போனாள். அப்பாவும் பின்னால் போனார். திரும்பி வந்தபோது அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கவ்வாத்து வந்தது; ஒவ்வொரு முறையும் அவர் கத்தியை வரிசையில் வைத்தார், எல்லோரையும்போலக் கும்பிட்டார். கும்பிடும்போது மட்டும் அவர் கண் கல்லின் மேல் இருக்காது. பக்கத்தில் அம்மா நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.